திருநங்கைப் பிள்ளைக்குப் பட்டாளத்தில் இடம் உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அக்கா பிள்ளை திருநங்கை. விடியற்காலை ஐந்து மணிக்கே சித்தூர் கிரவுண்டில் ஓட ஆரம்பித்துவிடுவாள், 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் கூடவே ஓடும் பையன்களில் பாதிப் பேர் அவளுக்குப் பின்னால்தான். பட்டாளம்தான் வேண்டும் என்கிறாள். வாளையார் தாண்டி கோவையில் ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போனேன், "ஆண், பெண்ணுன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு, எதுல டிக் அடிக்கிறது?" என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சட்டத்தில் வழி இருக்கிறதா? எதிர்க்கருத்தும் சொல்லுங்கள், பிள்ளையின் மரியாதை குறையாமல் சொல்லுங்கள்.

தத்தமங்கலம் வக்கீல்:
நேர்வழி இப்போது இல்லை. 1950ஆம் வருட ராணுவச் சட்டம் பெண்களையே அரசு அறிவிக்கும் பிரிவுகளில் மட்டும்தான் சேர்க்கச் சொல்கிறது, திருநர் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2017இல் கடற்படையில் பணியிலிருந்த ஒருவர் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்காக வெளியே அனுப்பப்பட்டார். ஆனால் வேலையில் பாகுபாடு கூடாது என்று 2019ஆம் வருடத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதை வைத்துத்தான் 2021இல் நம் கேரள உயர் நீதிமன்றம், என்.சி.சி. சட்டத்தில் ஆண், பெண் மட்டும் இருப்பதைக் காரணம் காட்டி ஒரு திருநங்கையைத் தடுக்க முடியாது என்றது. கதவு அங்கேதான் கொஞ்சம் திறந்திருக்கிறது.

எக்ஸ் ஹவில்தார்:
தம்பி, பிள்ளையைக் குறை சொல்லவில்லை. பனிமலை போஸ்ட்டில் ஒரே பங்கரில் ஏழெட்டுப் பேர் படுப்போம், மறைவு என்ற பேச்சே கிடையாது. வானிலை கெட்டால் ஹெலிகாப்டர் வராது, ஹார்மோன் மருந்து தீர்ந்தால் யார் கொண்டு வருவது? அமெரிக்க ராணுவத்திலேயே திருநரை 2016இல் அனுமதித்தார்கள், ட்ரம்ப் தடுத்தார், 2021இல் பைடன் திறந்தார், 2025இல் மறுபடி தடை, அந்த மே மாதம் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் தடையை அமல்படுத்தலாம் என்றுவிட்டது.

மீனாட்சிபுரம் டீச்சர்:
அண்ணா, பங்கர் கஷ்டம் நிஜம்தான், ஆனால் பட்டாளம் முழுக்கப் பனிமலையிலா இருக்கிறது? சிக்னல்ஸ், சப்ளை, ஒர்க்‌ஷாப், ஆஸ்பத்திரி எல்லாம் இல்லையா? சர்க்கரை வந்த ஜவானை மெடிக்கல் கேட்டகரியை (உடல் தகுதித் தரத்தை) குறைத்து வேறு வேலையில் வைத்துக்கொள்கிறீர்களே, அந்த ஏற்பாடு இவளுக்கு மட்டும் ஏன் முடியாது? கிராமத்திலிருந்து வந்த சிப்பாய்கள் பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்க மாட்டார்கள் என்று அரசே கோர்ட்டில் சொன்னது, 2020இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதே பேச்சுதான் இப்போது வேறு ஆள் மேல் வருகிறது. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிரான பஸ்தர் ஃபைட்டர்ஸ் போலீஸ் படைக்கு 2022இல் 9 திருநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், காட்டில் சண்டை போடுகிற படை அது. ஓட்டம், உடல் தகுதி, எழுத்துத் தேர்வு எதிலும் சலுகை வேண்டாம். தேறினால் எடுங்கள், தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்புங்கள், ஓட விடாமலே தோற்றதாகச் சொல்லாதீர்கள்.

எக்ஸ் ஹவில்தார்:
கேட்டகரி விஷயம் சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது சர்வீஸில் இருப்பவனுக்கு. புதிதாக எடுக்கும்போதே போஸ்ட்டுக்கு அனுப்ப முடியாத ஆளை எடுக்க எந்த ஆபீசரும் யோசிப்பார்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அவளும் படித்தாள், ஹவில்தார் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னது பிடித்திருக்கிறது என்றாள். காலேஜ் என்.சி.சி.யில் முதலில் கேட்கப் போகிறோம். வக்கீல் சார், கலெக்டர் தரும் திருநர் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மட்டும் பழைய பெயர் இருக்கிறது. அதை மாற்றிவிட்டு எழுதிக் கொடுப்பதா, இப்போதே கொடுத்துவிடலாமா?