குரல் ஆபரேஷன் முடிஞ்சு 6 வாரம், இன்னும் கரகரப்புதான்

கேள்வி: வெண்ட்லர் கிளாட்டோபிளாஸ்டி, அதான் குரலை உயர்த்திப் பெண்குரலாக்குற ஆபரேஷன், பண்ணிக்கிட்டேன். முதல் 10 நாள் வாயே திறக்கல. சிலேட்டுல எழுதித்தான் அம்மாகிட்ட காப்பி கேட்டேன். இப்ப பேசினா ஜலதோஷம் பிடிச்ச சேவல். நேத்து போன்ல பால்காரர் "சார்"னுட்டார். காசு வீணா அக்கா?

பதில்: இல்லம்மா. குரல்நாண் முன்பக்கத்தைத் தைச்சு, அதிர்ற நீளத்தைக் குறைச்சிருக்காங்க. வீக்கம் வடியணும். எனக்கு 3 மாசம் தகர டப்பா சத்தம்தான். 6 மாசத்துலதான் தெளிஞ்சுது. கிசுகிசுன்னு பேசுறியா? அதையும் விடு.

இன்னொரு பதில்: ராத்திரி சாப்பிட்டதும் படுக்காதே, நெஞ்செரிச்சல் தொண்டைக்கு ஆகாது. செருமாம ஒரு மடக்கு தண்ணி குடி.

கேள்வி கேட்டவர்: செருமுறதுதான் என் முழுநேர வேலையே! ஸ்பீச் தெரபி எப்ப ஆரம்பிச்சீங்க?

பதில்: டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, ஆறிடுச்சுன்னு சொன்னப்புறம். அதுவரை பால்காரருக்கு வாட்ஸ்அப்தான்.