முதல் குரூசர் சோதனை ஓட்டம்: மெதுவாகத் திருப்பினால் ஹேண்டில்பார் உள்ளே சரிகிறது, வண்டியில் பழுதா?

தெருமுனை (கேள்வி):
வணக்கம். இதுவரை 150 சிசி வண்டிதான் ஓட்டிப் பழக்கம். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த குரூசரை (தாழ்ந்த இருக்கையுள்ள, நீளமான கனத்த பைக்) வாங்கலாமா என்று ஓட்டிப் பார்த்தேன். நேர்சாலையில் குறை சொல்ல எதுவுமில்லை. யு-டர்ன் எடுக்க வேகத்தைக் குறைத்தால்தான் தகராறு: ஹேண்டில்பார் தானாகவே உள்பக்கம் சரிகிறது, நான் எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வளைவில் கால்மிதி தரையில் உரசி நெஞ்சு பதறிவிட்டது. விற்பவரோ "குரூசர் என்றால் அப்படித்தான்" என்கிறார். உண்மையா, மழுப்பலா? மறுபடியும் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.

பழைய பிஸ்டன்:
பாதி உண்மை. குரூசரில் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) நன்றாகச் சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். பல மாடல்களில் அந்தச் சாய்வு 30 பாகையை எட்டும், சிலவற்றில் தாண்டும். வேகத்தில் வண்டி நேர்கோட்டை விடாமல் போவதற்கு அது உதவுகிறது. அதே அமைப்புதான் மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரத்தை உள்ளே சரிய விடுகிறது. எடையும் சேர்ந்துகொள்ளும். பெரிய குரூசர்கள் 250, 300 கிலோ இருக்கும்.

மற்றப் பாதியை விற்பவர் சொல்ல மாட்டார். டயரில் காற்று குறைந்தாலும் இதேபோல்தான் இழுக்கும். வண்டி சூடாவதற்கு முன் காற்றழுத்தத்தை அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படித் தேய்ந்த டயர் முதலில் சாய மறுக்கும், பிறகு சட்டென்று விழும். அடுத்தது ஹேண்டில் பேரிங், அதாவது ஹேண்டில் தடையின்றித் திரும்ப உதவும் உருளை அமைப்பு. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்லத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேரிங்கில் பள்ளம் விழுந்திருக்கிறது. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அது தளர்வு. இரண்டில் எது இருந்தாலும் விலையைப் பேசுவதற்கு முன் பட்டறையில் காட்டிவிடுங்கள்.

நெடுவழி:
வண்டியில் பழுதே இல்லை, பழக்கம்தான் இல்லை. திரும்பும்போது முன் பிரேக்கை மறந்துவிட்டுப் பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பழைய பிஸ்டன்:
பார்க்காமலேயே "பழுதே இல்லை" என்பது துணிச்சல்தான், நண்பரே! பிரேக் விஷயத்திலும் ஒரு திருத்தம். நடக்கிற வேகத்தில் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடக் கூடாது என்பது சரி. அந்தக் கணத்தில் அழுத்தினால் வண்டி அப்படியே சாயும், 300 கிலோவைக் காலால் தாங்க முடியாது. சாலை வேகத்தில் கதை வேறு. குரூசரின் நீளத்தாலும் பின்பக்க எடையாலும் பின் பிரேக் மற்ற வண்டிகளைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் அவசரத்தில் நிறுத்த இரண்டும் வேண்டும்.

சக்கரவாகம்:
தெருமுனை அவர்களே, யு-டர்னுக்கு என் முறையைச் சொல்கிறேன். முதல் கியர். கிளட்சை முழுவதும் பிடிக்காமலும் முழுவதும் விடாமலும், வண்டி இழுக்கத் தொடங்கும் இடத்திலேயே வைத்திருங்கள். ஆக்சிலேட்டர் ஒரே அளவில் நிற்கட்டும், வேகத்தைப் பின் பிரேக்கால் லேசாகக் கட்டுப்படுத்துங்கள். சக்கரத்துக்கு இழுவிசை தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால் அந்தச் சரிவு பெருமளவு அடங்கும். பார்வை தரையில் வேண்டாம், வெளியேறும் திசையில் இருக்கட்டும்.

உரசியதைப் பற்றி: கால்மிதியோ கால்பலகையோ உரசினால் அது எச்சரிக்கை மட்டும்தான், பெரும்பாலும் கீலில் மேலே மடங்கிக்கொள்ளும். பதறிப் பிரேக் அடிக்காமல் வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். அதையும் மீறிச் சாய்த்தால் மடங்காத பாகம் தரையைத் தொடும், பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். ஆபத்து அதில்தான். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, புறப்படுவதற்கு முன் நின்ற இடத்திலேயே எல்லாப் பொத்தான்களையும் தொட்டுப் பாருங்கள். ஹார்லி-டேவிட்சனின் பல மாடல்களில் இட, வல இண்டிகேட்டர்களுக்கு அந்தந்தக் கைப்பிடியில் தனித்தனிப் பொத்தான் இருக்கும். போக்குவரத்து நடுவில் அதைத் தேடுவது எரிச்சலான வேலை. விழுந்தால் சேதம் யார் பொறுப்பு, காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதையும் சாவியை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தெருமுனை:
இன்று மீண்டும் ஓட்டினேன். முன் டயரில் காற்று கணிசமாகக் குறைந்திருந்தது. நிரப்பிய பிறகு சரிவு வெகுவாகக் குறைந்தது. மிச்சத்தைச் சக்கரவாகம் சொன்ன கிளட்ச் முறை பார்த்துக்கொண்டது. பேரிங்கில் தடங்கலும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஒரு சந்தேகம் பாக்கி. இதில் விரலுக்கும் குதிகாலுக்கும் கியர் லீவர் இருக்கிறது. குதிகாலால் மிதித்தால் மேல் கியர் விழுகிறது. நடுவில் என் பூட்ஸ் சிக்கிக்கொள்கிறது. பழகிவிடுமா?

பழைய பிஸ்டன்:
பழகாமலும் போகலாம். பலர் குதிகால் லீவரைக் கழற்றிவிட்டு, விரலாலேயே மேலே தூக்கிக் கியர் போடுகிறார்கள். உங்கள் மாடலில் அது தனியாகக் கழலுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த டயரில் காற்று ஏன் குறைந்தது என்று விற்பவரிடம் கேட்டீர்களா? இரண்டு நாள் கழித்து மறுபடியும் அளந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.