1951 பி.எஸ்.ஏ. பி31: சூடானா நின்னுடுது, ஆறினாதான் ஸ்டார்ட் ஆகுது (அப்பாவோட வண்டி, உதவி பண்ணுங்க)

ஆறுவோல்ட்டு:
எல்லாருக்கும் வணக்கம், பதிவு கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சுக்கோங்க. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல பழைய வண்டிகளை வாங்கி ரீஸ்டோர் பண்ணி விக்கறது, மத்தவங்க வண்டிய சரி பண்ணிக் குடுக்கறதுன்னு பட்டறை வச்சிருந்தார், போன வருஷம் தவறிட்டார். இப்ப நான் நடத்தறேன். நடத்தறேன்னு சொல்றதே பெரிய வார்த்தை, அஞ்சு கஸ்டமர் வண்டி பாதி பிரிச்சபடி நிக்குது, டப்பா டப்பாவா நட்டு போல்ட்டு கிடக்குது, எது எந்த வண்டியோடதுன்னு அவர் மண்டைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு.

இப்ப கேக்கறது அவரோட சொந்த வண்டி பத்தி. பி31, பழைய இங்கிலாந்து பைக், 350 சிசி, சிங்கிள் சிலிண்டர், மேக்னெட்டோ (பேட்டரி இல்லாம, எஞ்சின் சுத்தறதுலயே பிளக்குக்கு கரண்ட் குடுக்கற சாமான்). காலைல ரெண்டாவது கிக்ல எடுத்துடும், அருமையா ஓடும், ஒரு இருபது நிமிஷம் ஆனதும் படபடன்னு மிஸ்ஸாகி நின்னுடும். அப்புறம் கால் கழண்டு விழற வரைக்கும் உதைச்சாலும் எடுக்காது, ஆற விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கார்பரேட்டர் ரெண்டு தடவை கழட்டி ஜெட் எல்லாம் ஊதியாச்சு, பிளக் புதுசு, பெட்ரோல் புதுசு. அப்பா நோட்டுல இந்த வண்டிக்கு ஒரு பக்கம் இருக்கு, டேப்பெட் அளவு, ஆயில் மாத்தின தேதி எல்லாம் எழுதிட்டு கடைசில "நின்னா திட்டாதே. 20 நிமிஷம் சும்மா உக்காரு"ன்னு எழுதியிருக்கார். அவர் அப்படித்தான், நடுநடுவுல தத்துவம் பேசுவார்.

கிக்பேக்:
ப்ரோ முதல்ல டேங்க் மூடிய பாருங்க. மூடில இருக்கற காத்து ஓட்டை அடைச்சிருந்தா உள்ள வெற்றிடமாகி பெட்ரோல் இறங்காது, இதே மாதிரி கொஞ்ச நேரம் ஓடிட்டு நிக்கும். நின்னதும் மூடிய திறங்க, புஸ்ஸுன்னு காத்து இழுக்கற சத்தம் கேட்டா அதான். நான் இது தெரியாம ரெண்டு மாசம் கார்ப்பை நோண்டினேன்.

பழையஇரும்பு:
தம்பி, டேங்க் மூடிய பாக்கறது சரிதான், ஆனா நீங்க சொல்ற கதை அப்படியே மேக்னெட்டோ கதை. நின்ன உடனே, ஆறறதுக்குள்ள, பிளக்கை கழட்டி ஹெட்டு மேல வச்சு உதைச்சுப் பாருங்க கரண்ட் வருதான்னு. அப்படியே மேக்னெட்டோல இருக்கற பாயின்ட் (திறந்து மூடி கரண்டைத் துண்டிக்கற ரெண்டு முனை) மூடியத் திறந்து பாயின்ட் எந்த கலர்ல இருக்குன்னும் சொல்லுங்க.

ஆறுவோல்ட்டு:
தம்பி இல்லண்ணா, தங்கச்சி. மூடி திறந்துட்டே ஓட்டினேன், அப்பவும் நின்னுச்சு. சூட்டுல கரண்ட் சுத்தமா இல்ல, கால் மணி நேரம் கழிச்சு உதைச்சா நல்லா நீலமா வருது. பாயின்ட் ரெண்டும் கரிப்பிடிச்ச மாதிரி கருப்பு, போன வாரம்தான் தேய்ச்சு 0.3 மில்லி கேப் வச்சேன். இருட்டுல மூடி இல்லாம ஓட விட்டுப் பாத்தா பாயின்ட் நடுவுல பட்டாசு மாதிரி பொறி பறக்குது. அது நார்மலா?

பழையஇரும்பு:
அடடா தங்கச்சியா, சரிம்மா. அது நார்மல் இல்ல. கண்டென்சர் போயிருக்கு. பாயின்ட் திறக்கும்போது கரண்ட் அங்கயே தாண்டிப் போயிடாம பிடிச்சு வைக்கறதுதான் அதோட வேலை, அது செத்தா பொறி பிளக்குல வராம பாயின்ட்லயே பறக்கும், அதான் கருப்பு. இந்த மாதிரி மேக்னெட்டோல கண்டென்சர் ஆர்மேச்சருக்குள்ளயே (உள்ள சுத்தற, காயில் இருக்கற பாகம்) உக்காந்து கூடவே சுத்தும், எழுபது வருஷத்துக்கு முந்தின சாமான், உள்ள இன்சுலேஷன் சூட்டுல ஒழுக ஆரம்பிச்சுடும். சில சமயம் காயில் சுத்தின கம்பியே சூட்டுல போயிருக்கும், ரெண்டையும் ஒண்ணா பாத்துடணும்.

ஒரு டெஸ்ட் சொல்றேன். மேக்னெட்டோவ கழட்டி மேஜை மேல வச்சு கையால சுத்துங்க, கரண்ட் வரும். அப்புறம் முடி காய வைக்கற டிரையர் எடுத்து பத்து நிமிஷம் அதுமேல சூடா அடிச்சிட்டு திரும்ப சுத்துங்க. அப்ப வரலன்னா வேற எங்கயும் தேட வேணாம்.

ஆமா, உங்க அப்பா எழுதினது தத்துவம் இல்லம்மா. இந்த கோளாறு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஊரான் வண்டிக்குன்னா அன்னைக்கே சரி பண்ணிருப்பார், சொந்த வண்டிக்கு ஆற வச்சு ஓட்டிருக்கார். எல்லா மெக்கானிக்கும் இப்படித்தான், என் வண்டில ஹார்ன் அடிக்காது நாலு வருஷமா.

ஆறுவோல்ட்டு:
நான் அந்த வரிய ஃப்ரேம் போட்டு பட்டறைல மாட்டலாம்னு இருந்தேன் 😂😭

கிக்பேக்:
இவ்ளோ தலைவலி எதுக்கு, பேட்டரி காயில், எலக்ட்ரானிக் இக்னிஷன்னு மாத்திட்டா வாழ்நாள் முழுக்க தொடவே வேணாமே.

பழையஇரும்பு:
மாத்தலாம், தப்புன்னு சொல்லல. ஆனா பேட்டரி செத்தாலும் ஓடற வண்டி அது, அதை பேட்டரிக்கு அடிமையாக்கணுமா? அதுவும் இவங்க இந்தத் தொழிலை எடுத்து நடத்தப் போறாங்க, மேக்னெட்டோ பிரிக்கக் கத்துக்கிட்டே ஆகணும், கஸ்டமர் வண்டில கத்துக்கறதுக்கு பதிலா அப்பா வண்டில கத்துக்கட்டும்.

பிரிக்கும்போது கவனம்மா. பினியன், அதான் மேக்னெட்டோவ சுத்த வைக்கற சின்ன பல்சக்கரம், கூம்பான தண்டுல இறுகியிருக்கும், புல்லர் போட்டுத்தான் எடுக்கணும், ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பாதீங்க. ஆர்மேச்சரை இழுக்கறதுக்கு முன்னாடி, பிளக் ஒயர் வர்ற கார்பன் பிரஷ் ஹோல்டரைக் கழட்டிடுங்க, பாடில ஒரு சின்ன சேஃப்டி ஸ்க்ரூவும் இருக்கும் அதையும் கழட்டிடுங்க. அந்த ஸ்க்ரூவை மறந்துட்டு இழுத்தா ஸ்லிப் ரிங் (ஆர்மேச்சர்லேருந்து பிரஷுக்கு கரண்ட் கடத்தற வளையம்) பட்டுன்னு உடையும், நான் உடைச்சிருக்கேன், அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஆர்மேச்சர் வெளிய வந்ததும் அது இருந்த இடத்துல ஒரு இரும்புத் துண்டை வச்சிடுங்க, இல்லன்னா காந்தம் பலவீனமாயிடும்.

ஆறுவோல்ட்டு:
குறிச்சுக்கிட்டேன்ண்ணா. இன்னொண்ணு சொல்ல வெக்கமா இருக்கு, மேக்னெட்டோ பிடிச்சிருக்கற ஒரு ஸ்டட்டுக்கு நட்டு காணோம், 8 மில்லி நட்டு ஒண்ணு எடுத்து போட்டேன், ரெண்டு சுத்து ஜம்முனு போச்சு, அப்புறம் இறுக்கமாச்சு, நான் ஸ்பேனர் போட்டு அழுத்திட்டேன். இப்ப மரை போச்சு.

கிக்பேக்:
எல்லாரும் பண்றதுதான். அது 5/16 இஞ்ச் ஸ்டட், 7.94 மில்லி, அதனால 8 மில்லி உள்ள போற மாதிரியே நடிக்கும். அந்த வண்டிகள்ல சைக்கிள் த்ரெட் நிறைய வரும், ஒரு இஞ்சுக்கு 26 மரை, மெட்ரிக் அதோட ஒட்டாது. அலுமினியத்துல போற இடங்கள்ல விட்வொர்த்துன்னு இன்னொரு பழைய இங்கிலாந்து மரையும் வரும். ஸ்பேனர் விஷயமும் குழப்பும், அதுமேல போட்டிருக்கற நம்பர் போல்ட்டு தண்டோட விட்டம், நட்டோட அகலம் இல்ல. அப்பாவோட ஸ்பேனரை எல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க, இப்ப சாதாரணமா விக்கற மெட்ரிக் செட் அதுக்கு சரியா பொருந்தாது. ஒரு த்ரெட் கேஜ் வாங்கி டப்பா டப்பாவா உக்காந்து அளந்து பிரிங்க, போரடிக்கும், ஆனா வண்டி எல்லாம் உங்களுக்கு அதுலதான் பழகும்.

நாலுகியர்:
கஸ்டமர் வண்டி அஞ்சு நிக்குதுன்னீங்களே, எனக்கு அதான் கவலையா இருக்கு. எதையும் தொடறதுக்கு முன்னாடி எஞ்சின் நம்பர், ஃப்ரேம் நம்பர், இருக்கற நிலைமை எல்லாம் போட்டோ எடுத்து, ஓனர் ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி உள்ளதை சொல்லிடுங்க. காத்திருக்கறேன்னு சொல்றவங்க வண்டிய வச்சுக்கோங்க, மத்ததை சாமானோட திருப்பிக் குடுத்துடுங்க. அப்பா பேருக்காக எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு அப்புறம் முழிச்சா அந்த பேரும் போகும்.

ஆறுவோல்ட்டு:
மூணு பேர்கிட்ட பேசிட்டேன். ஒருத்தர் "உன் அப்பா மூணு வருஷம் வச்சிருந்தார், நீ ரெண்டு வருஷம் வச்சுக்கோ"ன்னார்.

ஆறுவோல்ட்டு (மூணு வாரம் கழிச்சு):
அப்டேட். டிரையர் டெஸ்ட்ல எட்டாவது நிமிஷமே கரண்ட் செத்துச்சு. சேஃப்டி ஸ்க்ரூவை கழட்டிட்டுதான் இழுத்தேன், ஸ்லிப் ரிங் பத்திரம். காயில் சூட்டுலயும் நல்லா இருந்துச்சு, கண்டென்சர் மட்டும் புதுசு. டைமிங் (பொறி எப்ப வரணும்கறது) வைக்க மூணு சாயங்காலம் ஆச்சு, லீவரை ஃபுல் அட்வான்ஸ்ல, அதாவது பொறி ரொம்ப முன்னாடியே வர்ற நிலைல வச்சு, பாயின்ட் நடுவுல மெல்லிசு காகிதம் சொருகி, அது லேசா நழுவற இடத்துல பினியனை இறுக்கணும், ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் ஒரு மயிரிழை திரும்பிடும். நேத்து ஒண்ணரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டினேன், வேணும்னே சூட்டோட ஆஃப் பண்ணி உதைச்சேன், முதல் கிக். நோட்டுல அந்த வரிக்குக் கீழ "கண்டென்சர் மாத்தியாச்சு, உக்கார வேணாம்"னு எழுதி தேதி போட்டேன்.

அடுத்த சந்தேகம், கஸ்டமர் வண்டி ஒண்ணுல ஆயில் டேங்க் காலியா இருக்கு, கீழ ஒரு சொட்டு ஒழுகல. ஊத்தலாமா?

பழையஇரும்பு:
ஊத்தாதே! ரொம்ப நாள் நின்னதுல ஆயில் எல்லாம் பம்ப் வழியா கிராங்க் கேஸுக்குள்ள இறங்கியிருக்கும். அடில இருக்கற ஆயில் வடிக்கற பிளக்கை கழட்டு, பெரிய ஏனமா வை.