பித்தப்பை அறுவையில் பித்தநாளம் வெட்டுப்பட்டது: இழப்பீடு கேட்க வழி உண்டா?

கேள்வி (காவிரிக்கரை):
பதினொரு மாதங்களுக்கு முன் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் வழியே செய்யும்) அறுவை செய்தார்கள். வீடு திரும்பிய இரண்டாம் நாளே கண்கள் மஞ்சளாகிக் காய்ச்சலில் நடுங்கினாள். தொலைபேசியில் கேட்டபோது வாயுத்தொல்லை என்றார்கள். வேறொரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்த பிறகுதான், பித்தப்பைக் குழாய் என்று கருதி, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தையே கிளிப் போட்டு வெட்டியிருப்பது தெரிந்தது. சிறுகுடலை அந்நாளத்தோடு இணைக்கும் பெரிய அறுவை தேவைப்பட்டது. முதல் மருத்துவரோ, "இது எங்கும் நேரக்கூடிய சிக்கல்தான், நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்கிறார். தெரிந்த மருத்துவர்கள் இருவர் அது பிழைதான் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். எழுதித் தர மறுக்கிறார்கள். நான் என்ன செய்வது?

மறுமொழி (நுகர்வோர் வழக்குகளில் பணிபுரிபவர்):
ஐயா, முதலில் காலக்கெடுவைக் கவனியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். கட்டணம் பெறும் மருத்துவமனைகள் இச்சட்டத்துக்கு உட்பட்டவை என்பதை உச்ச நீதிமன்றம் 1995இல் உறுதிசெய்தது. நீங்கள் இட்ட கையெழுத்து அறுவைக்கான ஒப்புதலே தவிர, கவனக்குறைவுக்கான ஒப்புதல் ஆகாது. காவல்துறையை நாடுவது பெரும்பாலும் பயன் தராது. உச்ச நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும். வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்தால் தவறு தானே பேசும். பித்தநாளக் காயம் அப்படியன்று. திறமையான கைகளிலும் எப்போதாவது நேர்வதால் நிபுணர் கருத்து இல்லாமல் வழக்கு நிற்பது கடினம்.

மறுமொழி (ஓய்வுபெற்ற அறுவை அரங்குச் செவிலியர்):
எழுதித் தர ஆளில்லை என்று வருந்துகிறீர்களே, ஒருவர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார். இரண்டாவது அறுவையைச் செய்தவர் வயிற்றைத் திறந்ததும் கண்டது என்ன, கிளிப் எந்த இடத்தில் இருந்தது என்பதெல்லாம் அவருடைய அறுவைக் குறிப்பில் பதிவாகியிருக்கும். அது வழக்குக்காக எழுதப்பட்டதன்று என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அதையும், முதல் மருத்துவமனையின் அறுவைக் குறிப்பையும், காணொளிப் பதிவு இருந்தால் அதையும் எழுத்து மூலம் கேளுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மனைவியே கையெழுத்திடட்டும். 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. வெட்டுவதற்கு முன் நாளங்களைத் தெளிவாக அடையாளம் கண்டாரா, தெளிவில்லாதபோது வயிற்றைத் திறந்து செய்யும் முறைக்கு மாறினாரா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலை என்று நீங்கள் சொன்ன பிறகும் வாயுத்தொல்லை என்று ஒதுக்கியது, என் கருத்தில், வெட்டியதைவிடப் பெரிய தவறு. அந்தத் தொலைபேசி அழைப்பின் தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

மறுமொழி (தென்கரை):
என் தாயாருக்காக ஆறு ஆண்டுகள் அலைந்தேன். ஒவ்வொரு வாய்தாவிலும் அந்த நாளை முதலிலிருந்து சொல்ல நேர்ந்தது; அம்மா பாதியிலேயே வர மறுத்துவிட்டார். அதற்காக நான் அவரிடம் கோபப்பட்டது இன்றும் உறுத்துகிறது. அண்ணா, அண்ணியார் இதை விரும்புகிறாரா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காவிரிக்கரை:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அவளிடம் கேட்டேன். பணத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வலிக்கிறது என்று தான் சொன்னபோது ஏன் நம்பவில்லை என்பதற்கு அந்த மருத்துவர் பதில் சொல்ல வேண்டும் என்றாள். இரண்டு மருத்துவமனைகளுக்கும் அவள் கையெழுத்திட்ட விண்ணப்பங்களை இன்று விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன்.