மறு: வேற்று வண்டியின் உறுப்பைப் பழைய காரில் பொருத்துவதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். பழைய காரில் வேறு வண்டியின் உறுப்பைப் பொருத்தும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது. நீங்கள் எழுதிய வரிகளை மேற்கோளாகத் தந்து பதில் சொல்கிறேன்.

> ‘பின்பொருத்தல்’ என்பதே நேரான சொல். வண்டி உருவான பின்பு பொருத்துவது என்ற பொருள் தெளிவாக வருகிறது.

ஐயா, நீங்கள் எழுதும் ‘பின்’ காலத்தைக் குறிக்கிறது. பட்டறையில் அது இடத்தைத்தான் குறிக்கும். பின் சக்கரம், பின் அச்சு, பின் பிரேக் என்று நாள் முழுக்கப் பேசுகிறவரிடம் ‘ஸ்டீயரிங் பின்பொருத்தல்’ என்றால், முன்னால் இருக்க வேண்டியதை ஏன் பின்னால் மாட்டுகிறீர்கள் என்றுதான் கேட்பார். ஓசூர் அக்கா தந்த ‘மறுபொருத்தல்’ நல்ல சொல். ஆனால் கழற்றிய பாகத்தைத் துடைத்து, கிரீஸ் வைத்து, அதே இடத்தில் மாட்டுவதற்கு அது வேண்டும். அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது.

எந்த வேலைக்குப் பெயர் தேடுகிறோம் என்று பார்த்துவிடலாம். 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்டீயரிங் பாக்ஸில், அதாவது ஓட்டுநர் திருப்பும் வளையத்தின் சுற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெட்டியில், ஒரு புழுத்திருகும், அதைக் கடிக்கும் பல் வெட்டிய துண்டும் இருக்கும். முதலில் வந்தது ஏழு பல் பாக்ஸ், விகிதம் 11.25-க்கு 1. அடுத்து வந்த இரண்டு பல் பாக்ஸில் 13-க்கு 1. அதாவது வளையத்தை 13 பாகை திருப்பினால், பாக்ஸிலிருந்து வெளியே வந்து சக்கரத்தைத் திருப்பும் கையான டிராப் ஆர்ம் 1 பாகை அசையும். பல்லும் திருகும் வழுக்கி உரசியே வேலை செய்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் தேய்மானம் நடுப்பகுதியில் சேர்கிறது, வளையத்தில் ஆட்டம் விழுகிறது. ஆட்டம் போக நடுவில் இறுக்கினால், ஓரத்துக்குத் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பார லாரிகளுக்கு நடுவே அப்படியொரு காரை ஓட்டுவது ஆபத்து. ஆகவே பாக்ஸை மாற்றும் இந்த வேலையை யாரும் அழகுக்காகச் செய்வதில்லை.

அமெரிக்காவில் பலர் கைக்கொண்ட வழி, அதே ஃபோர்டின் 1948–52 எஃப்-1 பிக்கப் லாரியின் பாக்ஸை எடுத்து மாட்டுவது. அதில் பல்லுக்குப் பதில் உருளை. உருளை திருகின் மேல் உருண்டு போவதால் உரசல் குறைகிறது. விகிதமும் சுமார் 18-க்கு 1. கை நோகாது, ஆனால் வளைவில் கூடுதலாகச் சுற்ற வேண்டும். இரண்டிலும் டிராப் ஆர்ம் முன்னும் பின்னுமாக அசைவதால்தான் இந்தச் சேர்க்கை கூடிவந்தது. ஆனாலும் அப்படியே உட்கார்ந்துவிடாது. வளையத்தைத் தாங்கும் தண்டை வெட்டி இணைக்க வேண்டும், அல்லது இடையில் ஓர் இணைப்பான் வேண்டும். மாடல் ஏ-யில் விளக்கு சுவிட்ச் பாக்ஸின் அடியில் இருக்கிறது. அதைத் திருப்பும் கம்பி தண்டின் நடுவே இறங்கி வருகிறது. பாக்ஸை மாற்றுகிறவர் விளக்குக்கும் வழி செய்தாக வேண்டும். நம் ஊரிலோ ஓட்டுநர் வலப்பக்கம். இடப்பக்க ஓட்டுக்கான பாக்ஸை வலப்பக்கச் சட்டகத்தில் கட்டும் முன், வளையம் திரும்பும் பக்கமே சக்கரமும் திரும்புகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பழையதன் அச்சும் சக்கரமும் அப்படியே இருக்க, வேறொன்றிலிருந்து வெட்டி எடுத்ததை அளவு பார்த்துச் சேர்த்து, இரண்டும் ஒன்றாக இயங்கும்படி செய்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நாற்றங்கால்களில் தினமும் நடப்பதுதான்: ஒட்டுக்கட்டுதல். வேர்ச்செடியும் ஒட்டுத்தண்டும் பருமன் ஒத்திருக்க வேண்டும், வெட்டு வாகாக அமைய வேண்டும். ‘ஒட்டுக்கட்டு’ என்பதையே நான் முன்மொழிகிறேன்.

> பஞ்சர் கடையில் ‘ஒட்டு’ என்றால் டியூபில் போடும் ஒட்டுதானே?

உண்மை, தம்பி. வெறும் ‘ஒட்டு’ என்று விட்டால் பசை வைத்ததாகத்தான் படும். அதனால்தான் ‘கட்டு’ சேர்ந்தே வர வேண்டும் என்கிறேன். சுருக்க ஆசைப்பட்டு ‘ஒட்டுவண்டி’ என்று எழுதினால் குழப்பம் திரும்பி வந்துவிடும். உறுப்பைத் தரும் வண்டிக்குத் ‘தாய்வண்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தோட்டக்காரருக்கு அது சரியாகவே படும், ஏனெனில் ஒட்டுத்தண்டு தாய்மரத்திலிருந்து வருவது. மற்றவர்களோ மூல வண்டியைத்தான் தாயென்று எண்ணுவார்கள். அதனால் உறுப்பைத் தரும் வண்டி ‘கொடைவண்டி’ என்றே இருக்கட்டும்.

இந்தச் சொல் வண்டியின் பதிவேட்டுக்கும் தேவைப்படுகிறது. 2021-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த கார் மூல வடிவில் இருந்தால்தான் பழம்பெரும் (விண்டேஜ்) வாகனமாகப் பதிவாகும். சட்டகத்திலோ மேற்கூட்டிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே எது மீட்டமைப்பு (மூல வடிவுக்கே கொண்டுவருவது), எது ஒட்டுக்கட்டு என்று பிரித்து எழுதிவைக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. ‘மேம்படுத்தல்’ என்ற சொல்லும் பேச்சில் வந்தது. அப்படிப் பொதுவாக எழுதினால் அந்தப் பிரிவு மறைந்துபோகும். அந்தச் சொல்லை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

சொல் செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916-இல், ராஜாஜி அறிவியல் சொற்களுக்காக ஒரு கழகம் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் என்று அதன் கவனம் போயிற்று. அவர் பிறந்த தொரப்பள்ளி இருக்கும் ஓசூர்ப் பக்கம் இன்று லாரித் தொழிற்சாலை இருக்கிறது. பட்டறைச் சொற்களைச் செய்யும் வேலை இந்த வட்டாரத்தாரிடமிருந்தே வருவதுதான் முறை.

டிராப் ஆர்ம், கிங்பின், டை ராட் ஆகிய ஸ்டீயரிங் உறுப்புகளின் பெயர்களை இப்போதைக்குத் தொட வேண்டாம். எல்லோர் வாயிலும் புழங்குகின்றன. பட்டியலில் சேர்க்க ஒரு மாதிரிப் பதிவு:

‘1930 மாடல் ஏ. ஸ்டீயரிங் பாக்ஸ்: ஒட்டுக்கட்டு. கொடைவண்டி: 1951 எஃப்-1. தண்டில் வெட்டு உண்டு, சட்டகத்தில் இல்லை. மூல பாக்ஸ் உரிமையாளரிடம்.’

உங்கள் ஊர்ப் பட்டறையில் இதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்கிறார்கள் என்பதை எழுதுங்கள். அந்த இடத்தை மட்டும் திருத்துவோம்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து