புதுப்பிப்பு: 5 வோல்ட்டில் 741 ஆப்-ஆம்ப் சிக்கல் தீர்ந்தது

முதலாண்டு எலக்ட்ரானிக்ஸ் பயிற்சிக்காக வீட்டில் யுஎஸ்பி 5 வோல்ட்டில், 741 ஆப்-ஆம்ப் (சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் சிப்) வைத்துக் கட்டிய 11 மடங்கு பெருக்கி, எந்த உள்ளீட்டுக்கும் 2 வோல்ட் பக்கமே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

741-க்குப் பதில் எல்எம்358 என்ற வேறொரு ஆப்-ஆம்ப் போடச் சொன்னதுதான் பலித்தது. 741-இன் வெளியீடு இரண்டு சப்ளை முனைகளிலிருந்தும் ஏறத்தாழ 2 வோல்ட் தள்ளியே நிற்குமாம். 5 வோல்ட்டில் அதற்கு அசையவே இடமில்லை. மின்தடைகளை மாற்றிப் பார்த்ததில் பலனில்லை.

மாற்றும்போது கவனம்: 2, 3, 4 பின்கள் (சிப்பின் கால்கள்) அப்படியே இருக்கும். வெளியீடு 6-இலிருந்து 1-க்கும், பாசிட்டிவ் சப்ளை 7-இலிருந்து 8-க்கும் போகும்.

இப்போது 0.2 வோல்ட் கொடுத்தால் 2.2 வருகிறது. எதிர்பாராதது ஒன்று: 0.4 கொடுத்தால் 4.4 வரவில்லை, 3.5 அருகே நின்றுவிடுகிறது. 358-உம் மேல்பக்கம் ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். அந்த ஒன்றரை வோல்ட்டும் வேண்டுமென்றால் ரெயில்-டு-ரெயில் வகை (வெளியீடு இரண்டு சப்ளை முனைகளையும் ஏறத்தாழ எட்டும்) எம்சிபி6002 வாங்குங்கள்.