34 என்ற எண்ணும் பழுத்துப்போன தாளும்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றங்கரையில் சனிக்கிழமைகளில் கூடும் பழம்பொருள் சந்தையில் நான் வாங்கிய பெட்ரோல் அடுப்பின் வயதைக் கண்டறிந்த விதத்தை இங்கே பகிர்கிறேன். அதே நகரைச் சேர்ந்த குஸ்தாவ் பார்த்தெல் நிறுவனம் தொடங்கிவைத்த 'யுவெல்' வகை அடுப்பு அது. மாதிரி எண் 34 என்றிருந்ததால் 1934இல் செய்தது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். விற்றவரும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் புளி போட்டுத் தேய்க்கக் கை துறுதுறுத்தாலும், தேய்த்தால் பித்தளையில் பொறித்த எழுத்துகள் மழுங்கிவிடும் என்பதால் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவி, டார்ச் ஒளியைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். ஜெர்மன் பேரரசுக் காலக் காப்புரிமையைக் குறிக்கும் டி.ஆர்.பி., பதிவுபெற்ற வடிவமைப்பைக் குறிக்கும் டி.ஆர்.ஜி.எம். ஆகிய எழுத்துகள் 1945க்கு முந்தைய பொருள்களில் பரவலாகக் காணப்படுபவை. என் அடுப்பில் அவை எங்கும் இல்லை. இல்லாமை ஒன்றையே சான்றாகக் கொள்ள முடியாது என்பதால் மேலும் தேடினேன்.

விடை, அடுப்போடு வந்த துணிப்பையின் அடியில் மடிந்து பழுத்துக் கிடந்த பயன்பாட்டுக் குறிப்பில் இருந்தது. அதன் ஓரத்தில் அச்சிட்டிருந்த விலைக்குப் பின்னால் எம்.டி.என். (மார்க் டெர் டாய்ச்சன் நோட்டன்பாங்க் என்பதன் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகள் இருந்தன. டிரெஸ்டன் அடங்கியிருந்த அன்றைய கிழக்கு ஜெர்மனியின் நாணயம் 1964 ஆகஸ்ட் முதல் 1967 டிசம்பர் வரை மட்டுமே அந்தப் பெயரால் வழங்கியது. அதற்கு முன் டி.எம்., அதற்குப் பின் வெறும் எம். ஆக, 1934 என்று நான் நம்பியது குறைந்தது முப்பது ஆண்டுகள் பிழை. மாதிரி எண்ணை ஆண்டாக எண்ணி ஏமாறுவோர் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பழைய அடுப்பு எதுவானாலும், வயது தெரிந்த மகிழ்ச்சியில் உடனே பற்றவைத்துவிடாதீர்கள். பம்ப் இல்லாத இவ்வகை அடுப்புகளில் பர்னரின் வெப்பமே தொட்டியைச் சூடாக்கி அழுத்தத்தை உண்டாக்குகிறது. ஆகவே மூடியின் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால், கசியும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். வாஷரை மாற்றி, பாதுகாப்பு வால்வைச் சோதித்த பிறகே நான் தீக்குச்சியைக் கையில் எடுத்தேன்.

அந்தத் தாள் வேறோர் அடுப்புக்கு உரியதாக இருக்கலாமே என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. தாளை விரித்தபோது அதன் நடுவில் துருக்கறை ஒன்று படிந்திருந்தது. அடுப்பைத் திருகித் திறக்கும் சாவியை அதன்மேல் வைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது.